வாப்பாவின் வயிறும் சிவப்புப் பட்டனும்

படிச்ச புள்ள கையில் அளவு டேப் கிடைத்தால் வீட்டில் ஒருத்தரும் நிம்மதியாக உட்கார முடியாது. கப்பல் வடிவமைப்பு படித்து முடித்துக் கீழக்கரைக்கு வந்த புதிதில், "கப்பலுக்காக மனுசன் வளையக் கூடாது, மனுசனுக்கு ஏத்த மாதிரி கப்பல் இருக்கணும், அப்பத்தான் விபத்து குறையும்" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பேசித் திரிந்தேன். (கேட்டவர்கள் பாவம்.)

கொச்சியில் வேலை கிடைத்திருந்தது. வாப்பா விடவில்லை. "அம்புட்டுத் தூரம் போயி என்னத்தக் கிழிக்கப் போற? இங்கன நம்ம போட்டுல கேபின மாத்தணும். அதச் செஞ்சு காட்டு, பாப்போம்" என்றார். போட்டு ஒழுங்காக ஓடினால் கொச்சி. இல்லாவிட்டால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

விடுவேனா! அது நோன்பு மாசம். நோன்பு திறக்கச் சொல்லும் பாங்கு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த வாப்பாவைச் சாயங்காலம் நிறுத்தி வைத்து, கை, தோள், இடுப்பு எல்லாம் அளந்தேன். ஆபத்து நேரத்தில் தேடி அலையாமல் எஞ்சினை நிறுத்த, ஸ்டியரிங்குக்குக் கீழே, கையை இறக்கினாலே தட்டுப்படும் இடத்தில் பெரிய சிவப்புப் பட்டன் வைத்தேன். எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

பெருநாளன்று தொழுகை முடிந்து, பிரியாணியும் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் வெள்ளோட்டத்துக்கு ஏறினார்கள். வாப்பா "பிஸ்மில்லாஹ்" என்று கிளப்பினார். கொஞ்ச தூரத்தில் எஞ்சின் பொசுக்கென்று நின்றது. மறுபடி கிளப்பினார். ஓடியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று நிம்மதியாக மூச்சை இழுத்தார். நின்றது.

போட்டு மிதந்து மிதந்து, நங்கூரம் போட்டிருந்த அடுத்தவர் போட்டை நோக்கிப் போக ஆரம்பித்தது. பின்னால் ஆளாளுக்குத் துஆ ஓதினார்கள். எனக்கு அழுகை முட்டியது. அய்யோ, என் கொச்சி கண்ணெதிரே கடலில் போகுதே!

உம்மாதான் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். "அடியே, நோன்புல ஒட்டிக் கெடந்த வயித்தயா அளந்த? அங்கன பாரு!"

பார்த்தேன். வாப்பாவின் பெருநாள் வயிறு, நான் ஆசையாக வைத்த பட்டன்மேல் சாவகாசமாகச் சாய்ந்திருந்தது.

"ஏங்க, வயித்த எக்குங்க!" என்று உம்மா கத்த, வாப்பா எக்க, மாமாமார் இருவர் ஆளுக்கொரு தோளைப் பிடித்துப் பின்னால் இழுக்க, ஒருவழியாகப் போட்டு திரும்பியது. யாராவது சிரித்தால் வாப்பாவும் சிரித்துவிடுவார், வாப்பா சிரித்தால் எஞ்சின் நின்றுவிடும். அதனால் மொத்தக் குடும்பமும் வாயைப் பொத்திக்கொண்டே கரை சேர்ந்தது.

எல்லாம் போச்சு என்று மணலில் நின்றேன். வாப்பா ஒருவழியாக வயிற்றைத் தளர்த்தினார். "நீ கொச்சிக்கே போயிரு புள்ள. அங்கன எல்லாம் பெரிய கப்பலு, எடம் தாராளமா இருக்கும். எம் போட்ட விட்டுரு."

போனேன். இன்றைக்கும் எந்தக் கேபின் வரைந்தாலும் ஸ்டியரிங்குக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு சாண் கூடுதலாக விடுவேன். ஆபீசில் அதற்குப் பெயரே 'வாப்பா கேப்'. இதை வீட்டில் உளறித் தொலைத்தேன். அன்றிலிருந்து வாப்பா பள்ளிவாசலுக்கு வெளியே நின்று, வயிற்றைத் தடவிக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "கொச்சியில கப்பலெல்லாம் இத வச்சுத்தான் கட்டுறாக!"