திருப்பிநிறு அக்காவும் ஏழாம் வகுப்பு ஓட்டமும்

விளையாட்டு மாஸ்டர், அன்று ஹட்டன் மைதானத்தில் நீங்கள் பொய் சொன்னீர்கள். நூறு யார் தூர ஓட்டத்தில் நாடாவை முதலில் தொட்டவன் மருதை. நீங்கள் முதலாவது என்று கையைப் பிடித்துத் தூக்கியது, பரிசுக் கிண்ணம் வாங்கிக் கொடுத்த கடை முதலாளியின் மகனை.

மருதையை வாசகர்களுக்குத் தெரியாது. அவன் அம்மாவை மஸ்கெலியாப் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். தராசு, தோட்டத்துத் துரை, மழை மூன்றையும் ஒரே குரலில் அதட்டிய மனுஷி இந்த மலைநாட்டில் அவர் ஒருவர்தான். சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் திருப்பிநிறு அக்கா.

மடுவத்துக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை கூடைக்கென்று கொஞ்சம், ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார். மற்றப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். அக்கா மட்டும் தராசுக்கு முன்னால் காலை ஊன்றி நின்று, "திருப்பி நிறுங்க!" என்பார். நிறுக்காமல் வரிசை நகராது. கணக்கப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பி நிறுப்பார். பாதி நாள் இரண்டாவது தடவை இன்னும் குறைவாகத்தான் வரும். அதற்கு அக்கா சண்டை போட மாட்டார். "சரி, எழுதுங்க. இப்பத்தான் நம்பிக்கை வந்துச்சு" என்று போய்விடுவார்.

அவர் மகன் மருதையும் என் மகன் செல்வமும் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஓடுகிற பிள்ளையைப் பெற்றவன் படும் பாட்டை எந்த மாஸ்டரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எங்கள் தோட்டத்தில் பாய் விரிக்கவே சமதரை கிடையாது. விடியுமுன்னே பையன்களை எழுப்பித் தேயிலைச் சரிவில் ஓடவிட்டோம். மேலே ஏறும்போது அக்கா பின்னாலிருந்து விரட்டுவார். இறங்கும்போது நான் கீழே நின்று பிடிப்பேன். இரண்டு முறை என்னையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போனார்கள். மழைக்காலத்தில் காற்சட்டை காயாது. அதைத் தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாட்டுகிற தட்டில் போட்டு, தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கரிடம் பிடிபட்டேன். தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்னாய்யா புது ரகத் தேயிலை?" என்று கேட்டார்.

அந்த வருடம் ஏழாம் வகுப்பு ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவனைக் கண்டிப் போட்டிக்கு அனுப்புவதாகச் சொன்னீர்கள். அதுவரை தோட்டத்துப் பிள்ளை ஒருவனும் போனதில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஓர் இடம்தான்.

போட்டியன்று அக்கா அரை நாள் கொழுந்தெடுத்துவிட்டு நேராக வந்தார். தலையில் கம்பளி, முதுகில் கூடை. பஸ்ஸில் கண்டக்டர், "கூடைக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றான்.

"எடுக்கிறேன். அப்ப அது சீட்டுல உக்காரும். நீ எந்திரி" என்றார் அக்கா. ஹட்டன் வரும்வரை அவன் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

மைதானத்தைப் பார்த்ததும் அக்கா முகம் சுளித்தார். "என்னா தம்பி இது, தரை இப்படிப் படுத்துக் கெடக்கு? இதுல ஓடுற புள்ள எப்புடி நிப்பான்?"

அவர் பயந்தது சரியாகப் போயிற்று. முதல் சுற்றில் மருதை நாடாவைத் தாண்டியும் நிற்காமல் விருந்தினர் பந்தலுக்குள் புகுந்துதான் நின்றான். பிரதம விருந்தினர் எங்கள் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை. அவர் கோப்பைத் தேநீர் முழுவதும் அவர் மடியில். அக்கா கயிற்றுக்கு வெளியே நின்று, "நாம எடுத்த கொழுந்துதாங்க தொர, ஒண்ணும் பண்ணாது!" என்று ஆறுதல் சொன்னார்.

நீளம் பாய்தலில், "திருப்பி அளங்க!" என்றார். அளந்தார்கள். மருதைக்கு ஓர் அங்குலம் குறைந்தது. "சரி, எழுதுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். மாஸ்டர், அளந்தது நீங்கள்தான். அவர் எப்படிப்பட்டவர் என்று அப்போதே உங்களுக்குத் தெரியும்.

பிறகு இறுதி ஓட்டம். அக்கா கயிற்றுக்கு வெளியே கூடையோடு கூடவே ஓடினார். "டேய் மருத, கணக்கப்பிள்ளை பின்னால வாறாருடா!" என்று கத்திக்கொண்டே பாதிப் பிள்ளைகளை முந்தினார். என் செல்வம் கடைசி. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மருதை ஒரு நெஞ்சகலம் முன்னால் நாடாவில் விழுந்தான். நான் முடிவுக் கோட்டுக்கு நேரே நின்று பார்த்தேன். நீங்கள் கடைக்காரர் மகனின் கையைத் தூக்கினீர்கள்.

அக்கா வந்தார். கூடையைக் கோட்டின் மேல் வைத்தார். பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"திருப்பி ஓட விடுங்க."

"இந்தாம்மா, ஓட்டத்தையெல்லாம் திருப்பி ஓட ஏலாது. தீர்ப்புன்னா தீர்ப்புதான்" என்றீர்கள்.

"பறிச்ச கொழுந்தையே திருப்பி நிறுக்கிறாங்க. கால் உள்ள பயலுக ஓட மாட்டானுகளா? என் மவன் தோத்தா தோக்கட்டும். இந்தக் கூடையில வச்சு நானே தூக்கிட்டுப் போறேன். ஓட விடுங்க."

அப்போது கடைக்காரர் மகன், "சேர், நான் ஓடுறேன் சேர்" என்றான். நல்ல பையன். நீங்கள் அவன் காதைப் பிடித்துப் பந்தலுக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

மழை கொட்டியது. எல்லோரும் பந்தலுக்குள் ஓடினார்கள். அக்கா கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே இருந்தார். மருதை அழுகிற குரலில், "எந்திரிம்மா, மானம் போவுது" என்றான்.

"மானத்த நாளைக்குத் தேடிக்கலாம். எடம் போனா வராது. நீயும் உக்காரு."

நானும் போய் உட்கார்ந்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார். "ஒம் மவனையும் ஏமாத்திட்டாங்களா தம்பி?"

"இல்லக்கா, அவன் கடைசிதான். சும்மா ஒக்காந்தேன்."

தோட்டத்துப் பெற்றோர் ஒவ்வொருவராக வந்தார்கள். கோடு முழுக்க நிறைந்துவிட்டது. சாக்கு ஓட்டக்காரப் பிள்ளைகள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். நீங்கள் பரிசளிப்பைப் பள்ளிக்கூட மண்டபத்துக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினீர்கள். உள்ளே கைதட்டுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. கடைசி பஸ்ஸுக்குத்தான் எழுந்தோம். கண்டிக்கு மருதை போகவில்லை.

மாஸ்டர், இப்போது நீங்கள் தலைமை ஆசிரியர். மேடையேறி நேர்மையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறீர்கள். அக்கா மகனோடு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போய்விட்டார். நான் அங்கே போகும்போதெல்லாம் சோறு போட்டுவிட்டுக் கேட்பார்: "அந்த வாத்தியார் ஏதாச்சும் சொன்னாராப்பா?" ஒவ்வொரு தடவையும் இல்லையென்று சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறேன்.

ஜெயித்ததாக நீங்கள் சொன்ன பையனே ஓடத் தயாராக நின்றான். நீங்கள் ஏன் ஓட விடவில்லை? இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. பஸ் ஏறிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, நான் வாசித்துக் காட்டுகிறேன்.