நான் கதவாக இருந்த ஞாயிற்றுக்கிழமை

வீட்டு வரி வசூலிக்கிறவனுக்கு ஊரில் சிநேகிதர்கள் கிடைக்க மாட்டார்கள். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் நான் தபால்காரனாகப் போயிருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் துறையூரிலிருந்து திருவொற்றியூருக்கு வந்து அந்த வேலையில் சேர்ந்தேன். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று ஆபீசில் ஒருவர் கற்பனை செய்வார். அதில் ஒரு பங்கு வரி. கூடவே தண்ணீருக்கு, சாக்கடைக்கு, தெருவிளக்குக்கு. அந்தக் கற்பனைக்குக் காசு கேட்டு நான் நுழைந்தால் தெருவே காலியாகிவிடும். தினமும் என்னிடம் பேசிய ஒரே ஆள் மெஸ்ஸில் பரிமாறுகிறவர். அவரும் "ரசமா, மோரா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில், தப்பான விலாசம் விசாரித்தாவது யாரும் வரமாட்டார்களா என்று அறையில் கிடப்பேன்.

நான் வசூலுக்குப் போகும் தெருவில் குடியிருந்த லூர்து, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர். அவருடைய வரி பாக்கி ஏறிக்கொண்டே போனது.

"விளக்கு வரின்னு போட்டுகீற. கம்பம் கீது, விளக்கு எங்க சார் கீது?"

"வரி கட்டினாத்தானே விளக்குப் போட முடியும்?"

"விளக்கு எரியட்டும் சார். அந்த வெளிச்சத்துல எண்ணித் தர்றேன்."

தெரு சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் ஜப்தி உத்தரவோடும் ஒரு கைவண்டிக்காரரோடும் போய் நின்றேன். ஜப்தி என்று காதில் விழுந்ததுமே அண்டா குண்டாவெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவது அங்கே வழக்கம். மிச்சமிருந்த சமையல் பாத்திரத்தை நான் தொடக்கூடாது. வெறுங்கையோடு திரும்பவும் மனசில்லை. வாசல் கதவு கண்ணில் பட்டது. எடுக்கப்போகிறேன் என்றேன். லூர்து பதறவேயில்லை. உள்ளே போய்த் திருப்புளியைக் கொண்டுவந்து கொடுத்தார். (அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

ஆபீஸ் பூட்டியிருந்தது. கதவு என் அறைக்கு வந்தது.

மறுநாள் விடிந்ததும் லூர்துவின் மனைவி ரோசி வந்து நின்றார்.

"இன்னா சார் நீ? சின்னவளுக்கு இன்னிக்குப் புதுநன்மை, மொத தபா நற்கருணை வாங்குறா. ராயபுரம் கோயிலுக்கு அல்லாரும் போவணும். கதவில்லாத வூட்டை யாரு பாத்துக்குவா? பெத்தவ நானு இங்கியே குந்திகினு கீறதா?"

"மேலதிகாரி உத்தரவு இல்லாம தர முடியாதும்மா."

"அப்ப கதவு வேலையை நீயே வந்து பாரு!"

போனேன். வாசலில் ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு, வெள்ளை கவுன் போட்ட மகளோடு குடும்பம் பஸ் ஏறியது.

"மாமு, இங்க பாரு! லூர்து வூட்டுக் கதவு கண்ணாடி போட்டுகினு கீது!" தெருவில் போன ஒருவர் கத்தினார்.

ஒருவர் என் தோளில் டொக் டொக்கென்று தட்டி, "லூர்து கீறாரா?" என்றார். கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றேன். "பேசுற கதவுடா!" என்று கத்திக்கொண்டே போய் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார். என் மானம் கப்பலேறியது. (துறைமுகம் வேறு பக்கத்திலேயே இருந்தது.) ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அத்தனை பேர் என்னோடு பேசியதில்லை. எதிர்வீட்டிலிருந்து டீ வந்தது. கல்யாணம் ஆகிவிட்டதா என்றுகூட ஒருவர் விசாரித்தார்.

சாயங்காலம் திரும்பி வந்ததும் ரோசி எனக்கும் வாசலிலேயே ஒரு தட்டில் பிரியாணி வைத்தார். கண் கலங்கியது. காரம் என்று சொல்லி வைத்தேன். பாதிச் சாப்பாட்டில் இருட்டிவிட்டது. எலும்பு எது, கறி எது என்று தெரியவில்லை. எதிரே கம்பம் மட்டும் மொட்டையாக நின்றது. லூர்து எழுந்து உள்ளே போனார். அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து தட்டருகே வைத்தார்.

திங்கட்கிழமை மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "அசையும் சொத்தைத்தானய்யா எடுக்கலாம்! கதவு வீட்டோட சேர்ந்தது!"

"அசையுதே சார்" என்றேன். அதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது.

கதவை நானே கொண்டுபோய் மாட்டினேன். சரியாக மூடுகிறதா என்று ரோசி உள்ளேயிருந்து மூடிப் பார்த்தார். நன்றாகவே மூடியது. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே லூர்து பாக்கியைக் கட்டினார். பின்னாலேயே தெரு முழுக்கக் கட்டியது. "கட்டிடுங்கப்பா, இல்லாங்காட்டி கதவு சாரு வந்து குந்திக்குவாரு!" என்று தெருவில் கிண்டல் வேறு. கொஞ்ச நாளில் கம்பத்தில் விளக்கும் எரிந்தது. ஆபீசில் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குத்தான், ஒரு வீடாவது பாக்கி வைக்காதா என்று ஏக்கமாக இருந்தது.

இப்போதும் எங்கள் வாசலில் யாராவது தட்டினால் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "அப்பா, உங்களைத்தான் தட்டுறாங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து ஓடுவேன், வந்தவர் திரும்பிப் போய்விடக்கூடாதே என்று.