சனி ஞாயிறு வண்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாங்கத் தெரியும், பார்க்கத் தெரியாது என்பது மூக்கனின் முடிவு. பெண்ணை ஃபோனில் பார்த்துக் கட்டுகிறார்கள். சட்டையைப் படத்தில் பார்த்து வாங்குகிறார்கள். கருவாட்டைக்கூட முகராமல் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கருவாட்டை முகராமல் வாங்குகிறவன் எதையும் வாங்குவான்.

அப்படிப்பட்டவன் ஒருவன் தனக்கே மருமகனாக வாய்த்தான் என்பது அன்று காலையில்தான் அவருக்கு உறுதியானது.

“மாமா, இன்னைக்கு பஜாருக்குப் போயி ஒரு காரு பாக்கணும். நீங்களும் வாங்க,” என்றான் லோஜன்.

“என்ன காரு?”

“இத்தாலிக் காரு. பழசுதான். ஆனா பொன்னாட்டம் இருக்கு. ரெண்டு சீட்டு.”

“ரெண்டு சீட்டா? ஒனக்கு பொண்டாட்டி ஒண்ணு, புள்ளைங்க ரெண்டு. மிச்ச ரெண்டு பேர டிக்கியில போட்டுப் பூட்டுவியா?”

“அது தெனம் ஓட்டுற வண்டி இல்ல மாமா. சனி ஞாயிறுல மட்டும் எடுக்குறது. வசதியான ஆளுங்க அப்படித்தான் வச்சிருக்காங்க.”

“ஏழு நாளும் சோறு திங்கிறவனுக்கு ரெண்டு நாள் வண்டியா?”

லோஜன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “நீங்க பாத்து, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மாமா. நாகலெட்சுமிக்கு மட்டும் சொல்லிறாதீங்க.”

மூக்கனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

லோஜன் கட்டார் நாட்டு ஹோட்டல் சமையலறையில் ஏழு வருஷம் வெங்காயம் உரித்தவன். அந்தக் காசோடு ஊருக்கு வந்தான். தோட்டத்தில் கொடுத்த ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டப்போவதாகச் சொன்னான். கருங்கல் வந்து இறங்கியது. நான்கு மூலைக்கும் முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். அதோடு நின்றது. கேட்டால், “அடுத்த மாசம் மாமா.” கல்லில் பாசி பிடித்துவிட்டது. தோட்டத்து லயத்தின் ஒழுகும் அறையில் மழைக்கு இரண்டு பேசின் வைத்த மகள் நாகலெட்சுமி இப்போது நாலு வைக்கிறாள்.

அத்திவாரம் போடாமல் காசைப் பொத்தி வைத்திருந்தது இந்தக் காருக்குத்தான்.

மூக்கன் முப்பத்தெட்டு வருஷம் தேயிலைத் தொழிற்சாலை லொறி ஓட்டியவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஒரு வண்டியைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் வரை மறுபேச்சுக் கிடையாது. அந்த வாயைத் திறப்பது என்று முடிவு செய்து குடையை எடுத்தார்.

மெக்கானிக் அலியார் பாஸின் கராஜ் பஜாரின் கடைசியில் இருந்தது. அலியார் தறப்பாளை இழுத்ததும் கார் வெளியே தெரிந்தது. பழுத்த ஜம்புக்காய்ச் சிவப்பு. உயரம் மூக்கனின் இடுப்புக்கு வரவில்லை. அதன் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்றார்.

“இவருதான் நிப்ராஸ். கினிகத்தேனையில டயர் கடை வச்சிருக்காரு,” என்றான் லோஜன்.

நிப்ராஸின் விரலில் கார்ச் சாவி சுழன்றுகொண்டிருந்தது. விற்கிறவன் இவன்தான் என்று மூக்கன் குறித்துக்கொண்டார்.

“நீங்கதானா மூக்கன் ஐயா? பொய் செல்ல மாட்டீங்கண்டு கேள்விப்பட்டேன்,” என்றார் நிப்ராஸ். “ஒண்டையும் மறைக்காம செல்லுங்க.”

மூக்கன் உஷாரானார். விற்கிறவனே குறையைச் சொல்லச் சொன்னால், பெரிய குறை வேறெங்கோ இருக்கிறது.

“மாமா, ஒரு விசயம்...” லோஜன் அவர் கையைப் பிடித்தான்.

“எல்லா விசயமும் எனக்குத் தெரியும். நீ பேசாத.”

அலியாரின் மனைவி அசீசா பிளேன்டீ கொண்டுவந்தாள். “ஒங்கட மருமகனுக்கு இந்தக் கார் மேல உசிரு, பெரியவரே. மூணு மாசமா வாரம் தவறாம வந்து பாத்துட்டுப் போறார்.”

மூன்று மாதம்! மூக்கன் மருமகனைப் பார்த்தார். மருமகன் தரையைப் பார்த்தான்.

மூக்கன் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். சீட்டை முகர்ந்தார்.

“பூஞ்சணம். மழை உள்ள எறங்கியிருக்கு.”

“அது நல்ல தோலு மாமா, அப்படித்தான் வாசம் வரும்.”

“செருப்புக் கடையிலயும்தான் தோலு இருக்கு. இப்படியா நாறுது? கழி.”

“கழி” என்று சொன்னபோது மூக்கனுக்கு உள்ளே ஏதோ இனித்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவர் மனைவி நாற்பது வருஷம் கூடையோடு நின்றிருக்கிறாள். தண்ணீருக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ, முற்றின இலைக்கு ஒரு கிலோ என்று கணக்கப்பிள்ளை கழித்துக்கொண்டே போவார். யாரும் வாய் திறக்க முடியாது. இப்போது அவள் இல்லை. மகள் அதே தராசுக்கு முன்னால் நிற்கிறாள். தராசுக்கு இந்தப் பக்கம் நிற்கும் வாய்ப்பு அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இதுவரை கிடைக்கவில்லை.

“டயரு நாலும் வெடிப்பு. கழி. கண்ணாடிக்குக் கீழ துரு. கழி. பெயின்ட் மறுபடி அடிச்சது, இந்தா பாரு, இந்தக் கதவு ஒரு செவப்பு, அந்தக் கதவு ஒரு செவப்பு. கழி.”

நிப்ராஸ் ஒவ்வொன்றுக்கும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். “மெய்தான். மெய்தான்.”

லோஜனின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. விலை இறங்குவதைக் கேட்டு முகம் சுருங்குகிற ஆளை மூக்கன் அன்றுதான் பார்த்தார். காதலிக்கிற பெண்ணைக் குறை சொன்னால் பையன்கள் இப்படித்தான் ஆவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“இஞ்சினப் பாப்போம். ஸ்டார்ட் பண்ணு.”

இஞ்சின் பின்பக்கம் இருந்தது. நிப்ராஸ் சாவியைத் திருப்பினார். கராஜ் தகரம் அதிர்ந்தது. மூக்கன் தன் பிளேன்டீ கிளாஸை இஞ்சின் மூடியின் மேல் வைத்தார். லொறிக்கு அவர் செய்யும் பரிசோதனை அது. தேத்தண்ணி தளும்பாவிட்டால் இஞ்சின் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் லொறியின் மூடி சமமாக இருக்கும். இத்தாலிக்காரன் சரிவாக வைத்திருந்தான். கிளாஸ் மெதுவாக நகர்ந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது சாய்ந்து, சீனி போட்ட தேத்தண்ணி முழுவதும் மூடியின் காற்றுத் துவாரத்தில் இறங்கியது.

புகை வந்தது. சீனி கருகும் வாசமும் வந்தது.

“தண்ணி ஊத்துங்க!” என்றார் மூக்கன்.

“ஊத்தாதீங்க!” என்று லோஜன் கத்துவதற்குள் அலியார் அரை வாளி ஊற்றிவிட்டார். இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு ஓடியது. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

“அந்த லைட்டு என்ன செல்லுது?” என்று கேட்டார் நிப்ராஸ்.

“கழின்னு சொல்லுது,” என்றார் மூக்கன்.

லோஜன் தலையில் கைவைத்தான். “மாமா, அது நீங்க ஊத்துன தேத்தண்ணிதானே?”

“ஒரு கிளாஸ் தேத்தண்ணி தாங்காத வண்டி, இந்த மலையில ஒம்பது மாச மழைய எப்படித் தாங்கும்?”



“சரி, ஓட்டிப் பாப்போம். தோட்டத்துப் பக்கம் ஏத்துங்க மொதலாளி,” என்றார் மூக்கன்.

“தோட்டத்து ரோட்டுலயா? வேணாம் மாமா!”

“லயத்து வாசலுக்கு வராத வண்டி நமக்கு எதுக்கு?”

இரண்டே சீட்டு என்பதால் லோஜன் கராஜில் நின்றுவிட்டான். மூக்கன் காருக்குள் இறங்கினார். ஏறவில்லை, இறங்கினார். உட்கார்ந்தபோது ரோட்டோரத் தேயிலைச் செடிகள் தலைக்கு மேல் தெரிந்தன.

முதல் வளைவு தாண்டியதும் அடியில் கல் உரசியது. மூக்கன் இறங்கி முன்னால் நடந்து கற்களைப் பொறுக்கினார். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடக்கூடிய வண்டி எழுபத்து மூன்று வயது ஆளின் பின்னால் உறுமிக்கொண்டு ஊர்ந்தது. எதிரே வந்த மாடு ஒன்று ஒதுங்காமல் நின்று பார்த்தது.

மடுவத்துக்கு முன்னால், மழைத் தண்ணீரைத் திருப்புவதற்காக ரோட்டின் குறுக்கே போட்ட சிமெந்து மேடு இருந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறவில்லை. நடு வயிறு மேட்டில் உட்கார்ந்துவிட்டது.

மூக்கன் மடுவத்துப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் செருகினார். நிப்ராஸ் ஆக்சிலேட்டரை அழுத்தினார். பலகை பின்னால் பறந்தது. அடியில் ஏதோ பிய்ந்து விழுந்தது.

நிப்ராஸ் இறங்கி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. “நல்ல வேளை. இப்பவே தெரிஞ்சிட்டு,” என்றார்.

நடிப்பு, என்று நினைத்தார் மூக்கன்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையோடு சுற்றி நின்றார்கள். அவர்களில் நாகலெட்சுமியும் இருந்தாள்.

“என்னப்பா இது? நீங்க இதுக்குள்ள என்ன பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல. இந்த மொதலாளிக்கு வழி காட்ட வந்தேன். வந்து ஒரு கை புடிங்க.”

எட்டுப் பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கம் பிடித்தார்கள். நிப்ராஸ் உள்ளே ஏறினார். “ஏலேலோ” என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சிரித்தபடி தூக்கினார்கள். கார் மேட்டைத் தாண்டி விழுந்தது.

நாகலெட்சுமி கைச் சேற்றைத் துடைத்துக்கொண்டாள். இடது உள்ளங்கையில் தகரம் கிழித்து இரத்தம் வந்திருந்தது.

“எந்தப் புத்தி கெட்டவன் காசக் கொட்டி இத வாங்குனானோ! அவன் பொண்டாட்டிதான் பாவம்.”

மூக்கனின் நெஞ்சு நிறைந்தது. அந்தப் பாவம் உனக்கு வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு மூன்று கிலோ கழித்துவிட்டார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

கராஜுக்குத் திரும்பியபோது காரின் அடியில் ஒரு துண்டு குறைந்திருந்தது. அதை நிப்ராஸ் மடியில் வைத்து ஓட்டி வந்தார். லோஜன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழந்தையின் உடைந்த கையைப் பார்ப்பது போல் பார்த்தான்.

பிறகு அவனும் நிப்ராஸும் வேலியோரம் போய் நின்று பேசினார்கள். லோஜன் கையைக் காட்டினான், நெஞ்சைத் தொட்டான், ஒரு தடவை கும்பிடக்கூடச் செய்தான். நிப்ராஸ் தலையை மட்டும் ஆட்டினார். மகளின் வீட்டை வேலியோரத்தில் விற்றுவிடுவானோ என்று மூக்கன் குடையை ஊன்றிக்கொண்டு அவர்களையே பார்த்தார்.

லோஜன் ஓடி வந்தான். கண் சிவந்திருந்தது. “மாமா, ஒங்க வாயால ஒண்ணே ஒண்ணு நல்லதா சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன்.”

மூக்கன் யோசித்தார். பொய் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை.

“ஹோன் நல்லா அடிக்குது,” என்றார்.

நிப்ராஸ் பெருமூச்சு விட்டார். “வேணாம் லோஜன். விட்டுருவம்.” பிறகு மூக்கனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். “ஒங்களுக்குப் பெரிய நன்றி ஐயா. ஒங்களப் போல ஆளுங்க இப்ப இல்ல.”

வியாபாரத்தை உடைத்தவனுக்கு நன்றி சொல்கிறான்! எவ்வளவு பெரிய கள்ளன் என்று மூக்கன் வியந்தார். நிப்ராஸ் சாவியை அலியாரின் மேசையில் வைத்துவிட்டு, வெளியே நின்ற மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

“பாத்தியா? வண்டிய எடுத்துட்டுப் போகக்கூட அந்தாளுக்கு மனசு வரல,” என்றார் மூக்கன். மருமகனின் தோளில் கைவைத்தார். “போனாப் போகுது விடு. திங்கக்கெழமையே அத்திவாரத்துக்கு ஆள் சொல்லு.”

லோஜன் தறப்பாளை இழுத்துக் காரை மூடினான். நான்கு மூலையிலும் கயிற்றைக் கட்டினான். பழகின கை, வேகமாகக் கட்டியது. பிறகு பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அசீசா விழுந்த கிளாஸைப் பொறுக்க வந்தாள். லோஜனைப் பார்த்தாள். பிறகு மூக்கனிடம் திரும்பினாள்.

“ஏன் பெரியவரே இப்பிடிச் செஞ்சீங்க? வீடு கட்டுற காசெல்லாம் இந்தக் கார்ல போட்டுட்டு, அத விக்க மூணு மாசமா ஆள் தேடி அலைஞ்சார் ஒங்கட மருமகன். இண்டைக்கித்தான் வாங்க ஒராள் வந்தார். அவரையும் நீங்களே வெரட்டிட்டீங்களே!”

மூக்கன் தறப்பாளைப் பார்த்தார். மேசையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

“சாவி அந்தாளு கையிலதான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்,” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.