ஜெயவேலின் வலது கன்னம்

"நேரா பாரு ஜெயவேலு. எப்பப் பாரு கோழி மாறி ஏன் தலைய திருப்பிக்கினே கீற?" என்றார் முதலாளி ஞானம், கைப்பேசியில் படம் பிடித்தபடி.

ஜெயவேல் திரும்பவில்லை. எர்ணாவூர் லாரி யார்டின் காலண்டரில் ஒன்பது வருடமாக அவன் படம்தான். ஒன்பதிலும் இடது கன்னம் மட்டும்.

வலது கன்னம் படத்துக்கு ஆகாது. இருபத்திரண்டு வருடமாகக் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லரோடு எண்ணூர் விரைவுச் சாலையில் தெற்கே பார்த்துத் துறைமுக வரிசையில் காத்துக் கிடக்கிறான். பிற்பகல் வெயில் முழுக்க ஓட்டுநர் ஜன்னல் வழியாக அந்தக் கன்னத்தில்தான் இறங்கும். இடப்பக்கம் பார்த்தால் நாற்பது வயது. வலப்பக்கம் பார்த்தால் அவனுடைய அப்பா.

"இந்த வாட்டி நேரா பாக்குற படம்தான். ஆயுத பூஜை அன்னிக்கு எடுப்போம். உனக்குத் தோதுப்படலன்னா ஜெகதீசன் நிப்பான்."

ஜெகதீசன் ஆறு மாதம் முன்பு சேர்ந்தவன். வாயைத் திறக்காதவன். ஜெயவேலின் கணிப்பில் தன்னைப் போலவே நாற்பத்தாறு இருக்கும். ஆனால் இரண்டு கன்னமும் ஒரே நிறம். கண்ணோரச் சுருக்கம்கூட இரண்டு பக்கமும் எண்ணி வைத்தாற்போல் சமம்.

வீட்டில் மனைவி மதியிடம் புலம்பியது தப்பாகப் போயிற்று.

"யாரு, புதுசா வந்தவரா? ஆமாய்யா, அவுரு மூஞ்சி அளவெடுத்து செஞ்ச மாறி கீது."

அன்று ஜெயவேல் மீன் குழம்பைத் தொடவில்லை. மறுநாள் வரிசையில் நிற்கும்போது கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது: வெயிலில் முதிர்ந்த தோலுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை. ஜெகதீசனின் ரகசியம் பிடிபட்டுவிட்டது.

"உங்க வயித்துக் கொழுப்புலேர்ந்து செல் எடுத்து முகத்துல ஊசியா போடுவோம். எல்லாருக்கும் பலன் தரும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

"வலது பக்கம் மட்டும் போடுங்க சார்."

"ரெண்டு பக்கமும் போட்டாத்தான்..."

"இடது நல்லா கீது சார். நல்லா கீறத ஏன் நோண்டணும்?"

மறுநாள் வலது கன்னம் பன் மாதிரி வீங்கியது. துறைமுக வாயில் கேமரா அவனை அடையாளம் காண மறுத்தது. காவலர் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் இது?"

"நான்தான் சார்."

"பாதி நீ. மீதி யாரு?"

கண்டெய்னர் திரும்பி வந்தது. ஞானம் தெருவே கேட்கக் கத்திவிட்டு, வீக்கம் வடியும்வரை அவனை வீட்டில் உட்கார வைத்தார்.

ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்து புதுத்தோல் தெரிந்தது. வலது கன்னத்துக்கு முப்பது வயதுதான் சொல்லலாம். பக்கத்தில் இடது கன்னம் பெரியப்பா போல இருந்தது.

"போச்சுடா! பக்கம் மாறிடுச்சேய்யா!" என்றாள் மதி.

டாக்டருக்கு போன் போட்டான். இடது பக்கத்துக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டுமாம். பூஜைக்கு ஆறு நாள்தான் இருந்தது. முப்பதை நாற்பதாக்கினால் போதுமே! மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, உச்சி வெயிலுக்கு வலது கன்னத்தைக் காட்டி உட்கார்ந்தான்.

"வெயில்ல போவாதன்னு டாக்டர் சொன்னாரே!"

"கொஞ்சமாத்தான் காட்டப் போறேன்."

மூன்றாம் நாள் கன்னம் கத்தரிக்காய் நிறமானது. ஐந்தாம் நாள் உரிந்தது.

பூஜையன்று வாழைக்கன்று கட்டிய டிரெய்லர் முன்னால் ஜெகதீசன் நேராக நின்றான். ஞானம் படம் எடுத்தார். மதி வேறு, "சூப்பரா கீதுல்ல?" என்றாள்.

ஜெயவேல் முகத்தில் சுற்றிய துண்டோடு நேரே போய் ஜெகதீசனின் கையைப் பிடித்தான்.

"தோஸ்து, உண்மைய சொல்லு. எந்த ஆஸ்பத்திரி? எத்தினி ஊசி போட்டுக்கின?"

 பொரி கொடுத்துக்கொண்டிருந்த ஜெகதீசனின் மனைவி செங்கொடிதான் பதில் சொன்னாள்:

"ஊசியா? இன்னாண்ணா நீங்க, இவுரு இங்க எட்டு வருஷம், துபாய்ல ஒம்போது வருஷம் டிரெய்லர் ஓட்டுனாரு. அங்க ஸ்டீரிங் எடது பக்கம். அந்தக் கன்னம் அங்க வெந்துச்சு, இந்தக் கன்னம் இங்க வெந்துச்சு. முப்பத்தெட்டு வயசுதாண்ணா ஆவுது இவுருக்கு!"