மாமனார் பெயரில் ஒரு கல்

கேமரா ஓடத் தொடங்கிய பிறகுதான் மேரிமுக்கு உறைத்தது: தான் கண்டுபிடித்த கல்லின் பெயரைத் தன் வாயால் சொல்ல முடியாது.

அவர்களுடைய நாரின் மலையூரில் எந்த மருமகளும் மாமனார் பெயரை உச்சரிக்க மாட்டாள். இவளோ, பூமிக்குத் துணையாகச் சில காலம் கூடவே வரும் அந்தப் பொடி விண்கல்லுக்கு மாமனார் ஒரோஸ்பெக்கின் பெயரையே வைத்துத் தொலைத்திருந்தாள். வைக்கச் சொல்லிக் காதில் ஓதியவர் மாமியார்.

மாமனார் ஆடு வெட்டி, சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டி, புது வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் இப்படியொரு பூரிப்பை அவள் கண்டதில்லை. அது கெடாமல் இருக்க வேண்டுமே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"நம்ம புது நிலாவுக்கு என்னக்கா பேரு?" என்றாள் தொலைக்காட்சிப் பெண்.

"அது வந்து... எங்க வீட்டுப் பெரியவர்."

"சரி, பெரியவரைப் பத்திச் சொல்லுங்க."

சமாளித்துவிட்டோம் என்று மேரிம் மூச்சு விட்டாள். "பெரியவர் ரொம்பச் சின்னவர். ஒரு பஸ் அளவுதான். சொந்தமா வெளிச்சமும் கிடையாது."

சொந்தக்காரர்கள் தேநீர்க் கிண்ணங்களைக் கீழே வைத்தார்கள்.

"ஆனா நிலாதானே?"

"நிலாவாவது ஒண்ணாவது! நம்மளைச் சுத்தற மாதிரி தெரியும், அவ்வளவுதான். நிஜத்துல சூரியனைத்தான் சுத்தறாரு."

"ஐயோ, நம்ம தலையில விழுந்துட மாட்டாரே?"

மாமனார் முகம் சுருங்குவதைப் பார்த்து மேரிம் அவசரமாக ஒட்டுப் போட்டாள். "சேச்சே, பயப்படாதீங்க. கொஞ்ச வருஷத்துல அவரே போய்ச் சேர்ந்துடுவாரு!"

"யாருடி போய்ச் சேர்றது?" மாமனார் எகிறினார். "பேரைச் சொல்லேன்! நானே அனுமதி தர்றேன், சொல்லு!"

மேரிம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஒரோஸ்பெக்!" என்று கத்தினாள்.

நாடே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, மாமனார் பேரைச் சொல்லிட்டாளே!" என்று உறவுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமனார் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கறியைத் தொடாமல் எழுந்து போனார்.

அடுக்களையில் மேரிம் அழுதே விட்டாள். "அத்தை, நீங்க சொல்லித்தானே மாமா பேரை வச்சேன்! கௌரவம் பண்ணப் போய் இப்படி ஆயிடுச்சே!"

கணவர் பெயரை ஒருநாளும் சொல்லியறியாத மாமியார் நிதானமாகத் தேநீர் ஊற்றினார்.

"கௌரவமா? நம்மளைச் சுத்தற மாதிரியே தெரியும், நிஜத்துல சுத்தறது வேற இடத்தைன்னு அன்னிக்கு அந்தக் கல்லைப் பத்தி நீ சொன்னதுமே எனக்கு உங்க மாமா ஞாபகம்தான்மா வந்துச்சு."