ஆறாம் நூல், இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் கண் வலி, கழுத்து வலி எதுவுமின்றி நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே எனக்கு இரண்டும் இருக்கின்றன. காரணம் தாங்கள்தான்.

சென்ற மாத இதழில் ‘போரைப் பற்றி அவசியம் படிக்க வேண்டிய பத்து வரலாற்று நூல்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். நான் முப்பத்தைந்து வருடம் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவன். முகவரியைத் தவிர எதையும் முழுதாகப் படித்துப் பழக்கமில்லை. இருந்தும் கிளை நூலகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்தேன். முதல் நூலில் தளபதிகள் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்கிறார்கள். எங்கள் குடும்பக் கல்யாணத்தில்கூட அவ்வளவு சண்டை நடந்ததில்லை. இரண்டாவது முழுக்க விமானங்களின் எடை. மூன்றாவது அலமாரியிலிருந்து சரிந்து என் கால் கட்டைவிரலில் விழுந்தது. நான்காவதில் ஒரு வரைபடம். விரித்தது விரித்ததுதான், மறுபடி மடிக்க நானும் மனைவியும் தரையில் உட்கார்ந்து அரைநாள் மல்லுக்கட்டினோம். ஐந்தாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன்.

“இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சண்டையெல்லாம்?” என்றாள் மனைவி. அவளிடம் சொல்லாததைத் தங்களிடம் சொல்கிறேன். எங்கள் அண்ணன் ராணுவத்தில் லாரி ஓட்டினார். ஆற்றுப் பாலம் தகர்ந்த அன்று காணாமல் போய்விட்டார் என்று முதலில் தந்தி வந்தது. ஏழு மாதம் கழித்து, இறந்தது உறுதி என்று அண்ணி பெயருக்கு ஒரு கடிதம். அது என் மேசைக்குத்தான் வந்தது ஐயா. உறையைக் கிழித்து நானே படித்தேன். அண்ணிக்கு அப்போ காய்ச்சல். ரெண்டு நாள் போகட்டும்னு சட்டைப் பையில வச்சேன். ரெண்டு நாள் நாலாச்சு, பையிலேர்ந்து என் பெட்டிக்குப் போச்சு, மாசமாச்சு, முப்பத்தாறு வருஷம் ஓடியே போச்சு. ஊரார் கடிதம் எதையும் ஒரு மணி நேரம் தாமதித்தவனில்லை. எங்கள் வீட்டிலேயே இருக்கும் அண்ணியிடம் இந்த ஒன்றைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஏதாவது ஒரு நூலில் அந்தப் பாலம் வரும், அச்சில் இருப்பதை அண்ணியே படித்துக்கொள்வார், நான் வாயைத் திறக்க வேண்டாம் என்பதுதான் என் திட்டம். ஆறாவது நூலில் பாலம் வந்தது. கோழைதான் நான், மேற்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல், பக்கத்தில் ஒரு தபால் அட்டையைச் செருகி அண்ணியிடம் நீட்டிவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். அங்கே காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணி சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்.

“பாத்தீங்களா தம்பி? ‘பாலம் தகர்ந்தது, நம் தரப்பில் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை’ன்னு போட்டிருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகலையாம். நீங்க இனிமே நிம்மதியாத் தூங்குங்க.”

குறிப்பிடத்தக்க இழப்பு இல்லையாமே! எங்க அண்ணன் ஆறடி ரெண்டங்குலம் ஐயா. குனியாம நுழைஞ்சா எங்க வீட்டு நிலை நெத்தியில இடிக்கும். அவ்வளவு பெரிய மனுஷன் எழுதினவர் கண்ணுக்குத் தெரியலையா? ஆகவே அந்நூலைப் பட்டியலிலிருந்து நீக்கி, ‘இழப்பு: ஒருவர், லாரி ஓட்டுநர்’ என்று அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அண்ணி தங்கள் இதழை ஒரு வரி விடாமல் படிப்பவர்.

தங்கள் இதழும் தங்கள் வீட்டாரும் ஒரு குறையுமின்றி நீடூழி வாழ வாழ்த்தும்,
ஓய்வுபெற்ற தபால் ஊழியன் ஒருவன்.

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கப் போகிற வழியில் ஆறாவது நூலைத் திருப்பிக் கொடுத்தேன். நூலகர் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன பெரியவரே, புத்தகத்துல கிறுக்கலாமா? அழிச்சுக் குடுங்க” என்று ரப்பரை நீட்டினார். இருநூற்றுப் பதினான்காம் பக்க ஓரத்தில், பென்சிலில், அண்ணியின் கையெழுத்து: ‘ஒருத்தர். லாரி ஓட்டினவர். என் வீட்டுக்காரர்.’

வீட்டுக்கு வந்து என் பெட்டியைத் திறந்தேன். கடிதம் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. நான் நாலாக மடித்து வைத்தது, அப்புறம் தொடவேயில்லை. இப்போது மூன்றாக மடிந்திருக்கிறது. அந்த மடிப்பும் பல வருஷப் பழசு.

எனவே திருத்தம் வேண்டாம் ஐயா, பட்டியல் அப்படியே இருக்கட்டும். ஆறாவது நூலைக் கேட்பவர்களை மட்டும் எங்கள் நூலகத்துப் பிரதியைப் படிக்கச் சொல்லுங்கள். ரப்பரை நான் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.