சில்லு ஓவர்சீர் காப்பாற்றிய மேடு

உடைந்த சட்டிக்காகத் தேம்பித் தேம்பி அழுத ஆண்பிள்ளை இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரோடு ஒரே கூடாரத்தில் குப்பை கொட்டிய பாக்கியசாலி நான். அவர் பெண்டாட்டி போட்டு உடைத்த சட்டி என்றால் போகட்டும் என்று விடலாம். ஆயிரம், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எந்த மகராசியோ போட்டு உடைத்ததற்கு அழுதார் மனுஷன்.

அறுபதுகளில் கொல்லிமலைக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்த நேரம். அரியூர் நாட்டுப் பக்கம் எங்கள் கேம்ப். நான் ஸ்டோர் கீப்பர். கடப்பாரை, மண்வெட்டி, கூடை எல்லாம் என் பொறுப்பு. அவர் ஓவர்சீர். ஆட்கள் கொட்டும் ஒவ்வொரு கூடை மண்ணையும் மண்டியிட்டுக் கிளறி ஓட்டாஞ்சில்லு பொறுக்குவார் என்பதால், அடிவாரத்திலிருந்து வந்த கூலியாட்கள் அவருக்குச் சில்லு ஓவர்சீர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரோடு ஒரு முழம் நகர்வதற்குள் எங்களுக்கெல்லாம் தலை நரைத்துவிடும்.

"ஏனுங்க ஓவர்சீரய்யா, இத்தன சில்லு பொறுக்கி எங்க பாண்டி ஆடப் போறீங்க?" என்பாள் மண் சுமக்கும் பெண்.

"உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. சூளையில கவுத்து வெச்சுச் சுட்டிருக்கான். உங்க வீட்டுச் சட்டியில இந்த வழவழப்பு வருமா?"

"எங்கூட்டுச் சட்டியில சோறு வேகுதுங்க."

அவர் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார்.

ஒருநாள் அரிசி டப்பாவுக்குள் கைவிட்டேன். கையில் வந்தது இரும்புக் கசடு. அரிசி எங்கே என்றால், "அரிசி நாளைக்கும் கிடைக்கும்யா. இந்த மலையில இரும்பு உருக்கியிருக்கான்யா!" என்கிறார். அன்றைக்கு இரண்டு பேரும் பட்டினி. அவருக்கு அது தெரியவே இல்லை. எனக்குத் தெரிந்தது.

இன்னொரு நாள் உடைந்த சங்கு வளையலோடு ஓடி வந்தார். "கடல் எங்கே, இந்த மலை எங்கே? சங்கு நடந்தா வந்துச்சு? மிளகைக் கீழே கொண்டுபோய்க் குடுத்துட்டு, பொண்டாட்டிக்கு வளையல் வாங்கியாந்திருக்கான்யா எவனோ!" பைத்தியம் என்று திட்ட வாயெடுத்தேன். அதே நேரம், சந்தையில் மிளகு போட்டுவிட்டு உப்பும் கருவாடும் சுமந்து மலைக்காரர்கள் வரிசையாக ஏறி வந்தார்கள். வளையலைக் கையில் வாங்கி இன்னொரு தடவை பார்த்தேன்.

பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காட்டுக்காரர் வெள்ளையன். அவர் கும்பிடும் பிள்ளையாருக்கு முன்னால் வழவழப்பான கற்கள் குங்குமத்தோடு அடுக்கியிருக்கும். அவை ஆதி மனிதர்கள் தேய்த்துச் செய்த கல் கோடாலி என்று ஓவர்சீர் கண்டுபிடித்து, ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாமியைக் கேக்கறீங்களே, நல்லாருக்குதுங்களா?"

"சாமி இல்லய்யா, கோடாலி!"

"கோடாலியாவே இருக்கட்டுமுங்க. சாமிக்கும் வெறகு வெட்டோணுமில்லீங்க?"

அந்தக் காட்டை ஒட்டி ஒரு மேடு. அதன் மேல் காலை வைத்தால் சில்லு குத்தும், அத்தனை சில்லு. கீழே ஒரு பழைய ஊரே புதைந்து கிடக்கிறது என்று தீர்மானித்துவிட்டார். எங்கள் கெட்ட நேரம், ரோட்டுக்கு அடித்த முளைக்குச்சிகள் அந்த மேட்டின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போயின. ஒருவராவது வந்து பார்க்கும்வரை மேட்டை வெட்டக் கூடாது என்று சென்னையிலிருந்த தொல்பொருள் ஆபீசுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். பதில் இல்லை. கடப்பாரைச் சத்தம் தினமும் கிட்டே வந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இதுவும் போச்சுன்னா, இங்க மனுஷன் வாழ்ந்தான்னு சொல்ல நாதியிருக்காதுய்யா" என்றார்.

ஒருநாள் விடிந்தும் விடியாத பனியில் என்னை எழுப்பினார். "டேப்போட அந்த முனையைப் பிடி." பிடித்தேன். முளைக்குச்சிகளைப் பிடுங்கி, மேட்டை விட்டு விலக்கி, வெள்ளையன் காட்டை ஒட்டிய தரிசில் நட்டோம்.

இன்ஜினியர் மூச்சு வாங்க ஏறி வந்தார். "இங்க ஏன்யா ஒரு நெளிவு?"

"பாறை சார்" என்றார் ஓவர்சீர்.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். "யானை கணக்கா இருக்குங்க சார்" என்றேன். அவருக்கு நல்ல பசி. போய்விட்டார்.

மறுநாள் தரிசில் வேலை. ஓவர்சீர் மேட்டின் மேல் குடை பிடித்துக் காவல் உட்கார்ந்திருந்தார், யாராவது பழக்க தோஷத்தில் அங்கே வெட்டிவிடப் போகிறார்கள் என்று. கூலியாள் ஒருவன் ஓடிப்போய் அவரைக் கூட்டி வருவதற்குள் பாதி முடிந்துவிட்டது. முழங்கால் ஆழத்தில் அடுப்பு, வரிசையாக முழுப் பானைகள், சிவப்பு மணிகள், இரும்பு உருக்கிய உலையின் வாய். அத்தனையும் சுக்குநூறாகிச் சரிவில் உருண்டுகொண்டிருந்தன. காலையில் சாணை பிடித்த கடப்பாரையாகப் பார்த்துக் கொடுத்தவன் நான்தான்.

வெள்ளையன் எட்டிப் பார்த்தார். "அந்த மேட்டுல என்னங்க இருக்குது? இந்தத் தரிசுல வெள்ளாமை பண்ணினப்ப கொத்துல தட்டுப்பட்ட கல்லு, சில்லு எல்லாத்தையும் எங்கப்பன் காலத்துல அங்கதானுங்க வீசுவோம்."

"ஏய்யா, இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே சாமி. மேட்டு மேல குந்தியிருந்தீங்க. ஏதோ வேண்டுதலைன்னு நெனச்சோமுங்க."

அப்போதுதான் அழுதார். மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி. சோறு வேகுதுங்க என்ற பெண்கூடச் சிரிக்கவில்லை. மிச்சத்தையாவது விடச் சொல்லி இன்ஜினியர் காலில் விழாத குறை. "ஏற்கெனவே ஒரு பாறைக்காக வளைச்சாச்சு. இன்னொரு பாறையா?" என்றார் அவர். நாங்கள் சொன்ன பொய் எங்கள் மூஞ்சியிலேயே அடித்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் மட்டமாகிவிட்டது.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. 'தாங்கள் குறிப்பிடும் மேடு முக்கியமானதாகத் தோன்றுகிறது. அதை எக்காரணம் கொண்டும் சேதமின்றிப் பாதுகாக்கவும்.' என்னிடம் இரண்டு முறை படித்துக் காட்டினார். மேடு ஒரு சில்லு குறையாமல் அப்படியே இருந்தது. பாழாய்ப் போன மேடு!

தரிசிலிருந்து அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு கல் கோடாலி. அதைக் கொண்டுபோய் வெள்ளையனிடம் நீட்டினார். வெள்ளையன் எண்ணெய் தேய்த்துக் குங்குமம் வைத்து வரிசையில் சேர்த்தார். "சில்லைத்தான் வீசுவான். இதை வீச மாட்டான்" என்றார் ஓவர்சீர் என்னிடம். மறு வாரம் மாற்றல் வாங்கிக்கொண்டு மலையிறங்கியவரை நான் அப்புறம் பார்க்கவில்லை.

இப்போது அந்த ரோட்டில் பஸ் போகிறது. அந்த நெளிவு வந்தால் டிரைவர் தவறாமல் திட்டுவார்: "எந்தக் கூறுகெட்டவன் இங்க வளைச்சானோ!" டேப்பின் அந்த முனையைப் பிடித்தவன் பின் சீட்டில் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. நான் ஜன்னல் வழியே அந்த மேட்டைப் பார்ப்பேன். ஒன்றுமே இல்லாத அந்த மேட்டின் மேல் குடையோடு அவர் உட்கார்ந்திருந்தால், பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.